காற்றுக்கு வழிவிட்ட மூடி: ஒரு கரியடுப்பின் வரலாறு



இப்பதிவு ஓர் அடுப்பைப் பற்றியது. தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் அடுப்பைப் பற்றி எழுதவும் வேண்டுமோ என்று சிலர் வியக்கக்கூடும். எனவே, காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியின் குடும்ப தினத்தில் உணவுக்குழுப் பொறுப்பு எனக்கு வழங்கப்பட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவை உறுப்பினர் ஒருவர் தம் வீட்டிலிருந்த 'கெட்டில் கிரில்' என்னும் உருண்டை வடிவக் கரியடுப்பைக் கொண்டுவந்து தந்தார். மூன்று கால்கள், அரைக்கோள வடிவில் ஒரு கிண்ணம், அதன்மேல் கவிழ்க்க அதே வடிவில் ஒரு மூடி, நடுவே இரும்புக் கம்பித் தட்டு. அவ்வளவுதான். மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிய நாற்பது கோழித்தொடைகள் தயாராக இருந்தன. நான் மூடியை எடுத்து மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுக் கரியைக் கொட்டிப் பற்றவைத்து விசிறத் தொடங்கினேன். சாத்தே கடைக்காரர் அப்படித்தானே செய்கிறார்!

கால்மணி நேரத்தில் கோழியின் கொழுப்பு உருகிக் கரிமேல் சொட்டியது. தீ கொழுந்துவிட்டு எழுந்தது. முதல் தவணையாக வைத்த தொடைகள் வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் நின்றன. மாணவர்கள் தட்டை ஏந்தி வரிசையில் காத்திருந்தார்கள். தலைமையாசிரியர் இருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போது ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை. இரும்புப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பவர். அந்த ஆண்டு நடந்த எந்தப் பெற்றோர் கூட்டத்திற்கும் வராதவர். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. கரிய ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டு, கோழிய நடுவுல வைங்க. மூடியப் போட்டுட்டு, அடியில காத்து வழிய மட்டும் தெறந்து விடுங்க. மத்தத அதுவே பாத்துக்கும்" என்றார். சொன்னபடி செய்தோம். அரைமணி நேரத்திற்கு மேல் எவரையும் மூடியைத் தொட அவர் விடவில்லை. திறந்தபோது கோழி பொன்னிறமாய், உள்ளும் புறமும் ஒன்றுபோல் வெந்திருந்தது.

"உங்களுக்கு இது எப்படித் தெரியும் அண்ணே?" என்று கேட்டேன். "காஸ் வெல்டிங்குல நெருப்ப காத்த வச்சுத்தானே சார் அடக்குறோம்" என்றார்.

அந்த விடை என்னைச் சிந்திக்க வைத்தது. அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவருடைய மகன் ஆண்டுத் தொடக்கத்தில் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்னும் இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தான். உண்மை எனக்குத் தெரிந்திருந்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவு அந்த அடுப்பின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த மாணவனுக்கும் அவனுடைய தந்தைக்கும் சொல்ல வேண்டிய கதை ஒன்று அதனுள் இருப்பதைக் கண்டேன்.

திறந்த அடுப்பின் காலம்

நெருப்பின் மேல் இறைச்சியை வாட்டி உண்ணும் பழக்கம் மனித குலத்தின் பழைமையான பழக்கங்களுள் ஒன்று. 'பார்பிக்யூ' என்னும் சொல் கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியிலிருந்து 'பார்பகோவா' என ஸ்பானிய மொழிக்குச் சென்று, அங்கிருந்து ஆங்கிலத்தில் புகுந்தது என்பர். குச்சிகளால் அமைத்த பரணைக் குறித்த சொல், பின்னர் அதன்மேல் சமைக்கும் முறையைக் குறித்து, இன்று ஒரு விருந்தையே குறிக்கிறது.

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிவுற்ற பின்னர் அமெரிக்க மக்களின் வாழ்க்கை பெரிதும் மாறியது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வீட்டுக் கடன் பெற 1944ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தது. நியூயார்க்குக்கு அருகே 1947இல் எழத் தொடங்கிய லெவிட்டவுன் போன்ற குடியிருப்புகள் நாடெங்கும் பரவின. நகரின் அடுக்குமாடிகளில் வாழ்ந்த குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தன. ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் ஒரு சிறு புல்வெளி கிடைத்தது. கோடைக்காலத்தில் அங்கே அடுப்பு மூட்டி, அண்டை வீட்டாரை அழைத்து உண்பது புறநகர் வாழ்வின் அடையாளமாயிற்று.

ஆனால், அக்காலத்து அடுப்புகள் பெரும்பாலும் திறந்த தட்டுகளே. ஆழமற்ற ஒரு தகரத் தட்டு, நான்கு கால், மேலே ஒரு கம்பித் தட்டு. காற்றடித்தால் சாம்பல் உணவின்மேல் பறக்கும். மழை தூறினால் விருந்து முடிந்தது. கொழுப்புச் சொட்டினால் தீ எழும். குடும்ப தினத்தில் நான் பட்ட அதே பாட்டை அன்றைய அமெரிக்கத் தந்தையரும் பட்டிருக்கிறார்கள்!

மிதவையிலிருந்து பிறந்த அடுப்பு

அவ்வாறு பாடுபட்டவருள் ஒருவர் ஜார்ஜ் ஸ்டீஃபன். சிக்காகோ நகரில் இயங்கிய வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்னும் உலோகத் தகட்டுப் பட்டறையில் பணிபுரிந்தவர்; அதில் பங்கும் வைத்திருந்தவர். பெரிய குடும்பத்தின் தலைவர். பன்னிரண்டு பிள்ளைகளின் தந்தை. அத்தனை பேருக்கும் வீட்டுப் புழைக்கடையில் இறைச்சி வாட்டித் தருவதில் அவருக்கு விருப்பம் மிகுதி. செங்கல் அடுப்பிலும் திறந்த அடுப்பிலும் சமைத்துப் பார்த்துப் புகையும் சாம்பலும் தாங்காமல் சலித்துப்போனார்.

அவருடைய பட்டறையில் செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று, நீரில் மிதக்கும் உலோக மிதவை. சிக்காகோ நகரம் மிச்சிகன் ஏரியின் கரையில் உள்ளது. படகுகளுக்கு வழிகாட்ட ஏரியில் மிதவைகள் இடப்படும். இரண்டு அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தினால் ஒரு மிதவை. நாள்தோறும் கண்முன்னே கிடந்த அந்த அரைக்கோளத்தை 1952ஆம் ஆண்டில் ஸ்டீஃபன் வேறு கண்கொண்டு பார்த்தார். கீழ்ப்பாதியைக் கரி இடும் கிண்ணமாக்கினார். மேற்பாதியை மூடியாக்கினார். மூன்று கால்களைப் பற்றவைத்தார். கைப்பிடி ஒன்றைப் பொருத்தினார்.

வீட்டிற்குக் கொண்டுவந்து கரியைப் பற்றவைத்து மூடியபோது நெருப்பு அணைந்துபோயிற்று. மீண்டும் மூட்டினார், மீண்டும் அணைந்தது. அப்போது பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கண்டு, உள்ளே காற்றுப் போக வழிசெய்யுமாறு சொன்னதாகவும், அதன்பின் ஸ்டீஃபன் மூடியில் துளைகளை இட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. துளையிட்டதும் நெருப்பு நிலைத்தது. தம் அடுப்புக்கு அவர் இட்ட பெயர் 'ஜார்ஜின் பார்பிக்யூ கெட்டில்'.

இக்கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டறை முழுவதும் அறிந்தவருக்கும் ஒரு குறையை எடுத்துச் சொல்ல வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். எனக்கும் அன்று அப்படித்தான்.

புதிய அடுப்பின் விலை ஏறத்தாழ 50 டாலர். அன்று கடைகளில் கிடைத்த சாதாரணத் தகர அடுப்புகளைவிடப் பன்மடங்கு அதிகம். சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதை உணர்ந்த ஸ்டீஃபன், கடைகளின் முன்னே தாமே சமைத்துக் காட்டி விற்றார். 1950களின் இறுதியில் அந்தப் பட்டறையையே வாங்கி, வெபர்-ஸ்டீஃபன் என்னும் பெயரில் அடுப்புத் தயாரிப்பைத் தனித் தொழிலாக வளர்த்தார். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் 'ஸ்புட்னிக்' செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்பியது. உருண்டை உடலும் நீண்ட கால்களும் கொண்ட இந்த அடுப்புக்கும் மக்கள் 'ஸ்புட்னிக்' என்றே பட்டப்பெயர் சூட்டினர். ஸ்டீஃபன் 1993இல் மறைந்தார். அவர் வடிவமைத்த அடுப்போ பெரிய மாற்றமின்றி இன்றும் விற்பனையாகிறது.

மூடிக்குள் நடப்பது என்ன?

மூடியிட்டுச் சமைப்பது ஸ்டீஃபனின் கண்டுபிடிப்பு அன்று. நிலத்தில் குழி தோண்டி, சூடான கற்களின்மேல் உணவை வைத்து மண்ணால் மூடிச் சமைக்கும் முறை பசிபிக் தீவுகளில் தொன்றுதொட்டு இருந்துவருகிறது. ஜப்பானிலும் மூடியுடைய மண் அடுப்பு உண்டு. ஸ்டீஃபன் செய்தது, அம்முறையை ஒரு சாதாரணக் குடும்பத்தின் புல்வெளிக்கு ஏற்றவாறு மெல்லிய எஃகுத் தகட்டில் வடித்துத் தந்ததாகும்.

அதன் இயக்கத்தை நான்காம் ஆண்டு மாணவனுக்கும் விளக்கிவிடலாம். எரிவதற்கு மூன்று தேவை: எரிபொருள், வெப்பம், உயிர்வளி. முதல் இரண்டும் அடுப்பில் இருக்கின்றன. மூன்றாவதை நாம் எவ்வளவு விடுகிறோமோ அவ்வளவே நெருப்பு. கெட்டில் அடுப்பின் அடியில் காற்று நுழையத் துளைகள் உண்டு. மூடியின் உச்சியில் வெளியேறத் துளைகள் உண்டு. இரண்டையும் சிறு தகடுகளால் திறக்கவும் மூடவும் இயலும். சூடான காற்று மேலேறி உச்சித் துளை வழியே வெளியேறும்போது, அதன் இடத்தை நிரப்ப அடித்துளை வழியே புதிய காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. விசிறி தேவையில்லை. அடித்துளையை அகலத் திறந்தால் கரி கனன்று எரியும். பாதி மூடினால் மெல்ல எரியும். எல்லாத் துளைகளையும் மூடினால் அணைந்துவிடும். எஞ்சிய கரியை அடுத்த முறைக்கும் பயன்படுத்தலாம்.

நம் பாட்டிமார் வைத்திருந்த குமுட்டி அடுப்பை நினைவுகூருங்கள். அதன் கீழே ஒரு வாய் உண்டு. விசிறியால் அந்த வாயில் விசிறினால் கரி கனலும். சாம்பலைத் தூவினால் தணல் அடங்கும். கீழ்க்காற்றின் பயனை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். மேலே கவிகை மூடி ஒன்றுதான் இல்லை.

அந்த மூடி மற்றொரு வேலையையும் செய்கிறது. திறந்த அடுப்பில் கீழிருந்து வரும் அனல் மட்டுமே உணவைச் சுடுகிறது. மூடினால் சூடான காற்று வளைந்த உட்பரப்பைத் தொட்டுத் திரும்பி, உணவை நாற்புறமும் சூழ்கிறது. அதாவது, வாட்டும் அடுப்பு அவிக்கும் அடுப்பாக மாறுகிறது. கொழுப்புச் சொட்டினாலும் தீ எழுவதற்குப் போதிய காற்று இல்லை. என் கோழி கரிந்ததற்கும் பின்னர் பொன்னிறமானதற்கும் இடையிலிருந்த வேறுபாடு இதுதான்.

ஓர் அடுப்பு, பல வேலை

கரியைத் தட்டு முழுவதும் பரப்பினால் மெல்லிய இறைச்சித் துண்டு, இறால், சோளக்கதிர் ஆகியவற்றை நேரடி அனலில் விரைந்து வாட்டலாம். கரியை ஒரு பக்கமாகவோ இரு பக்கங்களிலோ ஒதுக்கி, நடுவே உணவை வைத்து மூடினால் முழுக்கோழியையும் ஆட்டுத்தொடையையும் வேகவைக்கலாம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழி ஒன்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்கு மேல் எடுக்கும். அதன் உட்பகுதி 74 பாகை செல்சியஸை எட்டினால் பாதுகாப்பாக உண்ணலாம். அமெரிக்கர்கள் நவம்பர் மாத நன்றி நவிலும் நாளில் முழு வான்கோழியையே இவ்வடுப்பில் சமைக்கின்றனர்.

கரித்துண்டுகளைக் கிண்ணத்தின் ஓரமாகப் பாம்புபோல் வளைத்து அடுக்கி ஒரு முனையில் மட்டும் தணல் வைத்தால், நெருப்பு மெல்ல மெல்ல ஊர்ந்து பல மணி நேரம் எரியும். அதனுடன் ஹிக்கரி, ஆப்பிள் முதலிய மரத்துண்டுகளைச் சேர்த்தால் புகையின் மணம் இறைச்சியில் ஊறும். டெக்சஸ் மாநிலத்தார் போற்றும் மாட்டு நெஞ்சிறைச்சிக்கு இவ்வாறான நீண்ட நேரச் சமையலே வேண்டும். கல்தட்டு ஒன்றை உள்ளே வைத்தால் பீட்சாவும் ரொட்டியும் சுடலாம். நம் வீட்டில் வாழை இலையில் பொதிந்த மீனையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் சுடலாம். கத்தரிக்காயைச் சுட்டுத் துவையல் அரைத்தால் எரிவாயு அடுப்பில் கிடைக்காத மணம் கிடைக்கும்.

இங்கே பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே, வீட்டிற்குள்ளோ, கூடாரத்திற்குள்ளோ, மூடிய கார் கொட்டகைக்குள்ளோ எந்நாளும் கரியடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. மழை வந்துவிட்டதே என்று கனலும் அடுப்பை உள்ளே இழுத்து வைப்பதும் தவறு. கருகிய பகுதியை உண்பதும் உடலுக்கு நல்லதன்று. அதை நீக்கிவிட வேண்டும்.

கரியின் கதை

அடுப்புக்கு ஒரு வரலாறு இருப்பதுபோல் கரிக்கும் ஒரு வரலாறு உண்டு. தலையணை வடிவில் அச்சிட்ட கரிக்கட்டிகளை நாம் பேரங்காடிகளில் காண்கிறோம். கரித்தூளைக் கட்டியாக்கும் முறைக்கு எல்ஸ்வொர்த் சுவோயர் என்பவர் அமெரிக்காவில் 1897இல் காப்புரிமை பெற்றார். எனினும், அதைப் பெருமளவில் பரப்பியவர் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு.

ஃபோர்டின் 'மாடல் டி' கார்களின் உடற்பகுதிக்கு மரம் மிகுதியாகத் தேவைப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் அவர் காடுகளை வாங்கி அறுவை ஆலைகளை அமைத்தார். அதற்கு உதவியவர் அவருடைய உறவினரின் கணவரான எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டு. ஆலையில் மலைபோல் குவிந்த மரக்கழிவை வீணாக்க ஃபோர்டுக்கு மனம் வரவில்லை. 1920களில் அக்கழிவைக் கரியாக்கி, பொடித்து, மாவுப்பசை சேர்த்துக் கட்டியாக்கும் ஆலை எழுந்தது. 'ஃபோர்டு கரி' அவருடைய கார் விற்பனை நிலையங்களிலேயே விற்கப்பட்டது. காரில் ஏறி ஊர் சுற்றுங்கள், அங்கே அடுப்பு மூட்டி உண்ணுங்கள் என்பதே வணிக உத்தி!

அந்தக் கரி ஆலை 1951இல் கைமாறி, கிங்ஸ்ஃபோர்டின் பெயரைத் தாங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு ஸ்டீஃபனின் அடுப்பு பிறந்தது. மரக்கழிவிலிருந்து எரிபொருள், மிதவையின் பாதியிலிருந்து அடுப்பு. கையருகே இருந்ததைக் கூர்ந்து நோக்கியவர்களின் படைப்புகளே இவ்விரண்டும்.

நம் நாட்டுக் கரிச்சூளை

கரி என்றவுடன் நம் நாட்டில் நினைவுக்கு வரவேண்டிய இடம் பேராக் மாநிலத்தின் கோலா செப்பாத்தாங். முன்னாளில் போர்ட் வெல்ட் என்று அழைக்கப்பட்ட ஊர். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து இவ்வூருக்கே இடப்பட்டது. இதனைச் சூழ்ந்துள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டுப் பேணப்பட்டுவரும் காடு. பாக்காவ் மரங்களை 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்க்கிறார்கள்.

அங்குள்ள சூளைகள் செங்கல்லால் ஆன கவிகை வடிவின. பட்டை நீக்கிய மரத்தண்டுகளை உள்ளே செங்குத்தாக அடுக்குகிறார்கள். வாயிலில் தீ மூட்டுகிறார்கள். அனல் உள்ளே புகுந்து மரத்திலுள்ள நீரை ஆவியாக்கி வெளியேற்றுகிறது. பின்னர் காற்றுப் புகாதவாறு வாயிலை அடைத்து ஆறவிடுகிறார்கள். ஏற்றுவது முதல் இறக்குவது வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. மரம் கரியாகிவிட்டதா என்பதை, வெளிவரும் புகையைக் கொண்டே அனுபவமிக்க தொழிலாளர்கள் அறிந்துகொள்கிறார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? சூளையும் ஒரு கவிகை; கெட்டில் அடுப்பும் ஒரு கவிகை. முதலாவதில் காற்றை அடைத்து மரத்தைக் கரியாக்குகிறோம். இரண்டாவதில் காற்றை அளந்துவிட்டுக் கரியைக் கனலாக்குகிறோம். காற்றை அறிந்தவனுக்கே நெருப்பு வசப்படுகிறது. பள்ளி மாணவர்களைச் சுற்றுலாவாகக் கோலா செப்பாத்தாங்குக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இந்த ஒப்புமையை அங்கேயே விளக்கலாம்.

ஏன் நிலைத்தது?

1960களிலிருந்து எரிவாயு அடுப்புகள் பரவின. குமிழைத் திருகினால் தீ. சாம்பலும் இல்லை, காத்திருத்தலும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அமெரிக்காவில் விற்பனையில் அவை கரியடுப்புகளை முந்திவிட்டன. ஸ்டீஃபனின் நிறுவனமே 1985இல் 'ஜெனசிஸ்' என்னும் எரிவாயு அடுப்பை வெளியிட்டது. அதன் பின்னும் கெட்டில் அடுப்பு மறையவில்லை. இதற்கு நான் காணும் காரணங்கள் நான்கு.

முதலாவது, எளிமை. பழுதடையும் இயந்திர உறுப்புகள் அதில் ஏறக்குறைய இல்லை. கம்பித் தட்டு தேய்ந்தால் புதிதாக வாங்கிப் பொருத்தலாம். பல ஆண்டுகளுக்கு முந்தைய அடுப்புக்கும் இன்றைய 57 சென்டிமீட்டர் அளவுத் தட்டு பொருந்துகிறது.

இரண்டாவது, பூச்சு. எஃகின்மேல் கண்ணாடித் தன்மையுள்ள எனாமல் பூச்சைப் பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். ஆகவே, நெருப்பையும் மழையையும் அது தாங்குகிறது. இப்பழைய அடுப்புகளைத் தேடிச் சேகரிப்போரும் உளர். காற்றுத் துளைத் தகட்டில் பொறித்துள்ள எழுத்தைக்கொண்டு தயாரித்த ஆண்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மூன்றாவது, வடிவம். அரைக்கோளத்திற்கு மூலை இல்லை. ஆகவே சாம்பல் தங்கவும் வெப்பம் தேங்கவும் இடமில்லை. மூன்று கால்கள் இருப்பதால் மேடு பள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கிறது. நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. இதுவும் ஒரு கணிதப் பாடமே.

நான்காவது, அது மனிதனுக்கு வேலை வைக்கிறது. துளையை எவ்வளவு திறப்பது, கரியை எங்கே வைப்பது, எப்போது பொறுத்திருப்பது என்பனவற்றைச் சமைப்பவரே முடிவுசெய்ய வேண்டும். பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும் வேலையில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள இடமுள்ள கருவியை மனிதன் எளிதில் கைவிடுவதில்லை. கரி நெருப்பாக மாறக் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் பிள்ளைகள் தந்தையைச் சுற்றி நிற்கிறார்கள், பேச்சு பிறக்கிறது.

மீண்டும் என் வகுப்பறைக்கு

குடும்ப தினத்திற்குப் பின், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளையில் இக்கதையை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கூறினேன். மிதவையைப் பாதியாக்கியவர் பேராசிரியர் அல்லர். உலோகப் பட்டறையில் நின்றவர் என்றேன். காற்றுக்கு வழிவிடச் சொன்னவர் அறிவியலாளர் அல்லர். பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். அந்த மாணவனை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே சன்னல் பக்கம் பார்த்தபடி பேசினேன்.

பின்னர் அவனுடைய தந்தையை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தேன். "நான் வந்து என்ன சார் சொல்லப்போறேன்? எனக்குப் பாடம்லாம் எடுக்கத் தெரியாது" என்றார். அடுப்பின் மூடியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றேன். அரைநாள் விடுப்பு எடுத்து வந்தார். கையோடு ஒரு தட்டையான தகட்டையும், பட்டறையில் வளைத்த ஒரு கிண்ண வடிவத் தகட்டையும் கொண்டுவந்தார். தட்டைத் தகட்டைக் கையால் அழுத்தச் சொன்னார், வளைந்தது. கிண்ணத் தகட்டை அழுத்தச் சொன்னார்; மாணவர்கள் எவராலும் வளைக்க முடியவில்லை. "ஒரே தகடுதான். வளைவுதான் அதுக்குப் பலம்" என்றார். அவ்வொரு வாக்கியத்தில் இருந்த அறிவியலை நான் மூன்று பாடவேளைகளில் விளக்கியிருப்பேன்.

அவருடைய தடித்த தோல் கையுறைகளை வகுப்பறை வாயில்வரை தூக்கி வந்தவன் அவருடைய மகன். திரும்பும்போதும் அவனே தூக்கிச் சென்றான்.

வள்ளுவரின் அறிவுடைமை அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துபவன் நான். ஆயினும், கூட்டத்திற்கு வராத பெற்றோரை 'அக்கறையில்லாதவர்' என்று மனத்துக்குள் எழுதிவைத்தவனும் நானே. அவர் வராததற்குக் காரணம் அக்கறையின்மை அன்று. பள்ளியில் தம்மிடம் கேட்க எவருக்கும் ஒன்றுமில்லை என்று அவர் எண்ணியதே. அந்த எண்ணத்தை அவருக்குள் விதைத்ததில் என் பங்கும் உண்டு. தேர்ச்சி அட்டையைக் காட்டிக் கையொப்பம் வாங்குவதற்கு மட்டுமே நாம் பெற்றோரை அழைத்தால், தந்தையின் தொழிலை மறைத்து எழுதப் பிள்ளை கற்றுக்கொள்வதில் வியப்பென்ன?

ஆசிரியர்களே, உங்கள் வகுப்புப் பெற்றோரின் கைத்தொழில்களை ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள். கார் பழுதுபார்ப்பவர், தையல்காரர், மின்கம்பி இணைப்பவர், லாரி ஓட்டுநர், பூமாலை தொடுப்பவர் என ஒவ்வொருவரிடமும் ஒரு பாடம் இருக்கும். பெற்றோர்களே, உங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். களைப்பைப் பற்றி மட்டுமன்று, அதிலுள்ள நுட்பத்தைப் பற்றியும் பேசுங்கள்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் புதிய படிவம் வரும். 'தந்தையின் தொழில்' என்னும் இடத்தில் அவன் என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியாது. ஆனால், இம்முறை அவன் எழுதுவதை நான் பேசாமல் வாங்கி அடுக்கிவைக்கப் போவதில்லை.



அன்புடன்,
உங்கள் ஆசிரியன்